இறக்குமதி வரி எங்கே கைமாறுகிறது?

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கொப்பரை விலையில் ஒரு பங்கு டெல்லியில் எழுதப்படும் ஒரு வரி விகிதத்தைப் பொறுத்தது. 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரி பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்தால் 27.5. 2025 மே கடைசியில் அடிப்படை வரி 10 ஆகவும் மொத்தம் 16.5 ஆகவும் இறங்கியது. சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி வயலில் தெளிக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் இதே கதைதான். மியான்மர் உளுந்து எந்த விலையில் வந்து இறங்குகிறது என்பது மார்ச், ஏப்ரலில் நம் ஊர்க் களத்து விலையைத் தொடுகிறது.

ஆனால் அரசிதழில் அச்சாகும் விகிதம் வேறு, துறைமுகத்தில் உண்மையில் வசூலாகும் விகிதம் வேறு. எண்ணெய்ப்பனை விளையாத நேபாளத்திலிருந்து சுத்திகரித்த பாமாயில் சாஃப்டா என்ற தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வரியில்லாமல் வந்து குவிந்தது இதற்கு நல்ல உதாரணம். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயிலை, அனுமதி பெற்றே இறக்கக்கூடிய கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்தார்கள். விவசாய சங்கங்கள் வரியை உயர்த்தச் சொல்லிப் போராடுவது நியாயம். உயர்த்திய வரி முழுசாக வசூலாகிறதா என்று கேட்பதும் அதே அளவு முக்கியம். அந்தக் கேள்வியை இங்கே யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சரக்கின் மீது எவ்வளவு வரி என்பதை நான்கு விவரங்கள் முடிவு செய்கின்றன. அது என்ன பொருள், என்ன விலை, எவ்வளவு எடை அல்லது எண்ணிக்கை, எந்த நாட்டில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது. இறக்குமதியாளர் அல்லது அவருக்காகச் சுங்க வேலையைப் பார்க்கும் கஸ்டம்ஸ் புரோக்கர், சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் போடும் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் இந்த நான்கும் இருக்கும். 2011 முதல் வரியைக் கணக்கிடுவதும் இறக்குமதியாளரே. துறை சரிபார்க்கும், தேவைப்பட்டால் மாற்றும். ஏய்ப்பு முழுவதும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைப் பொய்யாக எழுதுவதுதான். லஞ்சம் என்பது அந்தப் பொய்யைப் பார்க்காமல் இருப்பதற்கான விலை. அல்லது, பொய்யே இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லிச் சரக்கை நிறுத்தி வைத்துக் கேட்கும் விலை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு கன்டெய்னர் சரக்கின் உண்மையான விலை 40 லட்சம் ரூபாய். அடிப்படை வரி 20 சதவீதம், அதன் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 8 லட்சம், சர்சார்ஜ் 80 ஆயிரம், ஐ.ஜி.எஸ்.டி. 8,78,400. ஆக 17,58,400 ரூபாய் கட்ட வேண்டும். இன்வாய்ஸில் 25 லட்சம் என்று காட்டினால் 5 லட்சம், 50 ஆயிரம், 5,49,000 என மொத்தம் 10,99,000. வித்தியாசம் 6,59,400.

இந்த ஆறரை லட்சமும் லாபம் என்று நினைப்பது தவறு. சரக்கை முறையாகப் பில் போட்டு விற்பவருக்கு ஐ.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிவரவாகத் திரும்பக் கிடைத்துவிடும். அதைக் குறைத்துக் கட்டியதால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு மிச்சம் அடிப்படை வரியும் சர்சார்ஜும் சேர்ந்த 3,30,000 மட்டுமே. பில் இல்லாமல் விற்பவருக்குத்தான் முழு 6,59,400. இறக்குமதியில் குறைத்துக் காட்டுபவர் பெரும்பாலும் உள்ளூரிலும் பில் இல்லாமல் விற்பவர் என்பதற்குக் காரணம் இதுதான். சுங்கத் துறையின் தரவையும் ஜி.எஸ்.டி. தரவையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் பாதித் திருட்டு மேசையிலேயே தெரியும். 25 லட்சத்துக்கு வாங்கியதாகக் காட்டியவர் என்ன விலைக்கு விற்றதாகக் காட்டுகிறார், இல்லை விற்றதாகவே காட்டவில்லையா என்று பார்த்தால் போதும். மீதி 15 லட்சம் வெளிநாட்டு விற்பனையாளருக்கு உண்டியல் (ஹவாலா) வழியாகப் போயிருக்கும். வங்கிக் கணக்கில் தேடினால் கிடைக்காது. விற்பனைப் பக்கத்தில் கிடைக்கும்.

அந்த 3,30,000 அல்லது 6,59,400 என்ற தொகைதான் பேரம் நடக்கும் மைதானம். இறக்குமதியாளர், புரோக்கர், அதிகாரி மூவரும் பங்கு போட்டுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது என்பதை வரி விகிதம் முடிவு செய்கிறது. ரேமண்ட் ஃபிஸ்மன், ஷாங்-ஜின் வெய் என்ற இரு பொருளியலாளர்கள் ஹாங்காங்கிலிருந்து சீனாவுக்குப் போன சரக்குகளை இரு பக்கக் கணக்குகளிலும் ஒப்பிட்டு 2004-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வரி ஒரு சதவீதப் புள்ளி கூடினால் ஏய்ப்பு சுமார் 3 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் கண்ட இன்னொன்று. அதிக வரியுள்ள பொருள், அதே மாதிரி இருக்கும் குறைந்த வரியுள்ள பொருளின் பெயரில் உள்ளே வருகிறது. ஆக வரியின் உயரம் மட்டும் அல்ல, பக்கத்து வரிசைக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் அழைப்பிதழ்.

சிலி நாடு 2003 முதல் பொதுவாக எல்லாப் பொருளுக்கும் ஒரே 6 சதவீதம் என்று வைத்திருக்கிறது. அங்கே வகைப்பாட்டை மாற்றி எழுதி ஒருவருக்கு வரியில் கிடைப்பது ஒன்றுமில்லை. இந்தியா 2025 பட்ஜெட்டில் தொழில்துறைப் பொருட்களுக்கான விகிதங்களைப் பூஜ்ஜியம் உட்பட எட்டாகக் குறைத்தது நல்ல திசை. வேளாண் பொருட்களில் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. டெல்டா விவசாயிக்குப் பாதுகாப்பு வேண்டும். அதனால்தான் வேளாண் பொருட்களில் மற்றக் கதவுகளை அடைப்பது கூடுதல் கவனத்தோடு நடக்க வேண்டியிருக்கிறது.

பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் வெற்றிலையோடு வைக்கும் பாக்குதான். மூன்றாம் உலக நாடுகளின் சுங்கத்தில் நடக்கும் அத்தனையையும் இந்த ஒரு பொருளில் படிக்கலாம்.

பாக்குக்கு அடிப்படை வரி 100 சதவீதம். அவ்வளவு உயரமான வரி இருந்தால் முதலில் நடப்பது விலையைக் குறைத்துக் காட்டுவது. அதை அடைக்க அரசு இரண்டு பூட்டுப் போட்டது. ஒன்று, சுங்கச் சட்டம் பிரிவு 14(2)-ன் கீழ் அரசே நிர்ணயிக்கும் வரி மதிப்பு. பாமாயில், சோயா எண்ணெய், தங்கம், வெள்ளி போலப் பாக்குக்கும் மாதம் இருமுறை இது அறிவிக்கப்படுகிறது. இன்வாய்ஸில் என்ன எழுதியிருந்தாலும் வரி அந்த மதிப்பின் மேல்தான். இரண்டு, குறைந்தபட்ச இறக்குமதி விலை. 2023 பிப்ரவரியில் கிலோவுக்கு 251 ரூபாயிலிருந்து 351 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்குக் கீழே இருந்தால் இறக்குமதியே தடை.

விலைக் கதவு அடைபட்டதும் வகைப்பாட்டுக் கதவு திறந்தது. பச்சைப் பாக்கும் காய்ந்த பாக்கும் 0802 80 என்ற சுங்கக் குறியீட்டில் வரும். வறுத்த பாக்கு 2008 19 20. குறைந்தபட்ச விலை நிபந்தனை முதலாவதற்கு மட்டும் இருந்தது. உடனே வந்து இறங்கியதெல்லாம் வறுத்த பாக்கு. எவ்வளவு சூடு காட்டினால் அது வறுத்தது, எவ்வளவு வரை அது வெறும் உலர்த்தியது என்று ஆய்வகங்களும் நீதிமன்றங்களும் மல்லுக்கு நின்றன. 2025 ஏப்ரலில் வறுத்த பாக்குக்கும் அதே 351 ரூபாய் நிபந்தனையை வைத்த பிறகுதான் அந்த வழி குறுகியது. இடைவெளி இருந்த காலம் முழுவதும் ஒரு ஆய்வக அறிக்கையின் ஒரே வரிக்கு எத்தனை மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதிரி எடுப்பவர், மூட்டையைத் தேர்ந்தெடுப்பவர், முத்திரை வைப்பவர் என ஒவ்வொருவர் கையிலும் கோடிகள் தொங்குகின்றன.

மூன்றாவது கதவு, பிறந்த நாடு. இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் விளைந்ததற்கு வரிச் சலுகை. இந்தோனேசியப் பாக்கும் வியட்நாம் மிளகும் கொழும்பில் பை மாறி இலங்கைச் சான்றிதழோடு வருவதாக வழக்குகள் எழுந்தன. மிளகுக்கு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச விலை வைத்ததும் அதனால்தான். சான்றிதழ் என்பது ஏற்றுமதி நாட்டு அலுவலகம் தரும் காகிதம். 2020 செப்டம்பர் 21 வரை நம் அதிகாரிக்கு அந்தக் காகிதத்தைத் தாண்டிக் கேட்க வழி குறைவு. அன்றிலிருந்து நடைமுறைக்கு வந்த, பிறந்த நாட்டைச் சரிபார்ப்பதற்கான கரோட்டார் விதிகளும் சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைத்தன. மதிப்புக் கூட்டல் எத்தனை சதவீதம், மூலப்பொருள் எங்கிருந்து, எந்த வேலை எங்கே நடந்தது என்பதை அவர் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். "சான்றிதழ் இருக்கிறதே" என்பது இனி முழுப் பதில் இல்லை.

நான்காவது கதவு நீதிமன்ற இடைக்கால உத்தரவு. இது பட்டாணியில் நடந்தது. அளவுக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவுகளை வைத்துக்கொண்டு அளவுக்கு மேல் மஞ்சள் பட்டாணியை இறக்கினார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், அபராதம் வாங்கிக்கொண்டு விடுவிக்கக் கூடாது, முழுமையாகப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் காரணத்தில் உள்ளூர் விவசாயியின் நலனும் இருந்தது. பயறு போடும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு.

ஒரு உடைப்பை அடைத்தால் தண்ணீர் அடுத்த தாழ்வான கரையைத் தேடும். பிலிப்பைன்ஸில் 1990-களின் தொடக்கத்தில், சரக்கைப் புறப்படும் துறைமுகத்திலேயே தனியார் நிறுவனம் பரிசோதிக்கும் முறையைச் சிறு மதிப்புச் சரக்குகளுக்கும் விரித்தார்கள். அந்த வழி அடைபட்டது உண்மை. ஆனால் வரி விலக்குள்ள ஏற்றுமதி மண்டலங்களின் வழியாக வரும் சரக்கு அதே நேரத்தில் பெருகியது. டீன் யாங் என்ற பொருளியலாளர் இதை ஆவணப்படுத்தியிருக்கிறார். ஆகவே ஒரு விதியைக் கொண்டுவரும் அன்றே, இது எங்கே நகரும் என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஆறு மாதம் அந்த இடத்தின் புள்ளிவிவரத்தைப் பார்ப்பதற்கு ஓர் ஆளை நியமிக்க வேண்டும். அரசாங்கங்கள் விதியைப் போடுவதோடு நிறுத்திவிடுகின்றன.

நம் கடற்கரைக்கு இது புதிதல்ல. தங்கம் கடத்தி வரும் திருச்சி விமான நிலையத்துக் 'குருவி'களை எல்லோருக்கும் தெரியும். கிலோ தங்கம் சுமார் 70 லட்சம் இருந்தபோது 15 சதவீத வரி என்றால் தப்பிக்கும் தொகை பத்தரை லட்சம். 2024 ஜூலையில் வரி 6 ஆனதும் அது 4 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியது. டிக்கெட், கூலி, பிடிபட்டால் நஷ்டம் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். ஆனால் 2025-ல் கிலோ ஒரு கோடியைத் தாண்டியதும் அதே 6 சதவீதம் 6 லட்சத்துக்கு மேல். விகிதத்தைக் குறைத்தால் கடத்தல் குறையும் என்று சொல்பவர்கள் விலையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். எதிர்த் திசையிலும் இதே விதிதான். இலங்கை மஞ்சள் இறக்குமதியைத் தடுத்ததும் அங்கே விலை எகிறியது. வேதாரண்யம் முதல் ராமேஸ்வரம் வரை படகுகளில் மஞ்சள் மூட்டைகள் பிடிபட்டன. இங்கே சமையலறைப் பொருள், அக்கரையில் கடத்தல் பொருள். இரண்டு கரைக்கும் நடுவில் வித்தியாசம் விலையில் மட்டும்தான்.

இனி அதிகாரியின் பக்கம்.

"நேர்மையான அதிகாரிகளைப் போடுங்கள்" என்பது ஒரு திட்டமே அல்ல. எந்த அதிகாரி எந்தச் சரக்கைப் பார்ப்பார் என்று புரோக்கருக்கு முன்கூட்டியே தெரிந்தால், நேர்மையானவரைத் தவிர்த்து மற்றவரிடம் போவது அவருக்கு எளிது. அந்தத் தெரிவைப் பறிப்பதுதான் வேலை. இந்தியாவில் 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் முகமறியா மதிப்பீடு தொடங்கி, அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுக்க வந்தது. காரைக்காலில் போட்ட பில்லை வேறொரு ஊரில் இருக்கும் அப்ரைசர், அதாவது மதிப்பீட்டு அதிகாரி, பார்க்கலாம். பெரிய முன்னேற்றம். ஆனாலும் சரக்கைத் திறந்து பார்ப்பது உள்ளூரில்தான். நேருக்கு நேர் சந்திப்பு அங்கே மிச்சம் இருக்கிறது. மூட்டை எண்ணுவது, மாதிரி எடுப்பது, "இது பட்டியலில் இல்லையே" என்று இழுப்பது எல்லாம் அங்கே. அதனால் பரிசோதனையைப் படமும் நேரமுத்திரையுமாகப் பதிவு செய்து கோப்பிலேயே ஏற்றுவது கட்டாயமாக வேண்டும்.

கம்ப்யூட்டர் பங்கிட்டுக் கொடுத்தால் மட்டும் போதுமா? மடகாஸ்கரின் டோமசினா துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். யாருக்கு எந்தப் பில் என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பங்கிட வேண்டும். ஆய்வாளர்கள் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, சில புரோக்கர்களின் பில்கள் சில அதிகாரிகளிடமே தற்செயலுக்கு மேல் போய் விழுந்தன. அந்தப் பில்களில் விலைக் குறைப்பும் அதிகம். பங்கிடும் மென்பொருளைக் கையில் வைத்திருந்த பக்கத்திலேயே தலையீடு இருந்தது. பங்கீட்டை வெளியார் ஒருவர் கையில் கொடுத்ததும் அந்த வடிவம் உடைந்தது.

இந்தச் சோதனையைச் செய்ய பெரிய ஆய்வகம் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். வரிசையில் புரோக்கர்கள், நெடுக்கில் அதிகாரிகள், கட்டத்துக்குள் பில்களின் எண்ணிக்கை. ஒரு பிரிவில் பத்து அதிகாரிகள், ஒரு புரோக்கர் ஆண்டுக்கு 200 பில் போடுகிறார் என்றால், ஒவ்வொருவரிடமும் 20 வர வேண்டும். தற்செயலால் 12 முதல் 28 வரை போகலாம். 40 என்று ஒரு கட்டம் நின்றால் அது தற்செயல் அல்ல, கேட்க வேண்டிய கேள்வி. தவறு வரும் இடங்களும் உண்டு. இரசாயனப் பிரிவையும் இயந்திரப் பிரிவையும் கலந்து எண்ணினால் பொய் அபாயமணி அடிக்கும். விடுப்பில் இருந்தவர்களை நீக்காவிட்டாலும் அப்படியே. திருத்தி மறுபடி போட்ட பில் அதே அதிகாரிக்கே திரும்பும் வழக்கம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். பிரிவு, ஷிப்ட், மாதம் மூன்றையும் தனித்தனியாக வைத்து எண்ணினால் சரியாக வரும்.

இன்னொரு அளவுகோல் கேள்விகள். அதிகாரி ஒரு பில்லின் மேல் விளக்கம் கேட்டு நிறுத்துகிறார். பிறகு விலையும் மாறவில்லை, வகைப்பாடும் மாறவில்லை, சரக்கு போய்விடுகிறது. அப்படி முடியும் கேள்விகளின் விகிதம் ஒருவரிடம் மட்டும் மிக அதிகமாக இருந்தால், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று மேலதிகாரி பார்க்க வேண்டும். கேமரூனின் டுவாலா துறைமுகத்தில் 2010-ல் இதே வழியில் போனார்கள். ஒவ்வொரு ஆய்வாளரோடும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, அவரவர் வேகத்தையும் பிடித்த ஏய்ப்பையும் எண்களால் அளந்தார்கள். பணப் பரிசைவிட, தன் எண் மேசை மேல் இருக்கிறது என்ற நினைப்பு வேலை செய்தது.

சம்பளத்தை உயர்த்துவது, அடிக்கடி இடமாற்றம் செய்வது பற்றி அதிகம் பேசுகிறார்கள். அதிகாரி மாறுகிறார், புரோக்கர் மாறுவதில்லை. உறவு அவர் வழியாகத் தொடர்கிறது. இடமாற்றத்தால் மட்டும் எதுவும் குறையும் என்று நான் நம்பவில்லை.

டெல்டாவின் துறைமுகம் கன்டெய்னர் துறைமுகம் அல்ல. காரைக்காலில் இறங்குவதில் பெரும்பங்கு நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கு. அங்கே மூட்டை எண்ண முடியாது. எடையை நிர்ணயிப்பது டிராஃப்ட் சர்வே. கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை முன், நடு, பின் என இரு பக்கமும் ஆறு இடத்தில் படித்து, சரக்கு இறக்கும் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 50 டன் என்ற கப்பலில் ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் 50 டன் போயிற்று. அலை இருக்கும்போது சராசரி எடுக்காமல் ஒரே பார்வையில் எழுதுவது முதல் தவறு. இரண்டாவது, நீரின் அடர்த்தி. கடல் நீர் 1.025 என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஆற்று நீர் கலந்து அடர்த்தி 1.020 ஆக இருந்தால், 50,000 டன் இடப்பெயர்ச்சியுள்ள கப்பலில் அது சுமார் 245 டன் பிழை. ஹைட்ரோமீட்டரை இறக்கி மூன்று ஆழத்தில் மாதிரி எடுத்துப் படிப்பதற்குச் சில நிமிடம்தான் ஆகும். மூன்றாவது, கப்பல் நிலையாக நிற்க நிரப்பும் பேலாஸ்ட் தொட்டிகளில் இருக்கும் நீர். தொட்டியில் நீர் எவ்வளவு ஆழம் என்று அளக்காமல் கப்பல்காரர் சொன்ன எண்ணை ஏற்றால், அந்த நீர் முழுவதும் கணக்கில் ஏமாற்ற இடம். சர்வேயரை இறக்குமதியாளரே தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும் முறை இருக்கும்வரை, துறையின் ஆள் ஒருவர் உடன் நின்று படிப்பதும், வெளிவாசல் எடைமேடைக் கணக்கோடு ஒப்பிடுவதும் கட்டாயம்.

நிலக்கரியில் எதிர்த் திசை ஏமாற்றும் உண்டு. விலையைக் குறைத்துக் காட்டாமல் கூட்டிக் காட்டுவது. வரி குறைவான பொருளில் விலையைக் கூட்டினால் பணம் வெளிநாட்டுக்குப் போகும், மின் கட்டணத்திலும் ஏறும். இந்தோனேசிய நிலக்கரி குறித்து வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் (டி.ஆர்.ஐ.) 2016-ல் எச்சரிக்கை விட்டது இதற்காகத்தான். விலை குறைவாக இருக்கிறதா என்று மட்டும் தேடும் மென்பொருள் இதைப் பிடிக்காது.

இனி, மடியில் கனமில்லாத சிறு இறக்குமதியாளருக்கு. தஞ்சாவூரில் அரிசி ஆலைக்கு வண்ணம் பிரிக்கும் இயந்திரம் வரவழைப்பவர், மன்னார்குடியில் அறுவடை இயந்திர உதிரி பாகம் வாங்குபவர் மாதிரியானவர்களை வாட்டுவது ஏய்ப்புக்கான பேரம் அல்ல, தாமதத்துக்கான மிரட்டல். சரக்கு கிடப்பதற்கான டெமரேஜ் ஒரு பக்கம், கன்டெய்னரைத் திருப்பாததற்குக் கப்பல் கம்பெனி போடும் டிடென்ஷன் மறுபக்கம் ஏறும்போது, 'ஸ்பீடு மணி' மலிவாகத் தெரியும். டர்பன், மபுடோ துறைமுகங்களை ஆராய்ந்த சாண்ட்ரா சிக்கேரா, சிமியோன் ஜான்கோவ் இந்த இரண்டு வகை லஞ்சத்தையும் தனித்தனியாகப் பிரித்தே பேசுகிறார்கள். மருந்தும் தனித்தனிதான்.

கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரியைப் போட்டுவிடுங்கள். 2021 முதல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வகைப்பாட்டில் சந்தேகம் இருந்தால், முதல் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முன்கூட்டிய தீர்ப்பு கேட்கலாம். கேட்லாக், வங்கியில் பணம் அனுப்பிய தாள், விற்பனையாளரோடு பேசிய மின்னஞ்சல் மூன்றையும் பில்லோடு ஏற்றுங்கள். அதிகாரி விலையை 'லோட்' செய்கிறேன், அதாவது கூட்டுகிறேன் என்றால், சுங்க மதிப்பு விதிகளின் 12-வது விதியின் கீழ் எந்தக் காரணத்தால் என் விலையைச் சந்தேகிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுமதிப்பீட்டை நீங்கள் ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால், பிரிவு 17(5)-ன்படி 15 நாளில் காரணங்களோடு உத்தரவு தர வேண்டும். வாயால் சொல்வதை எழுதச் சொன்னாலே பல மிரட்டல்கள் அங்கேயே நின்றுவிடும். அதுவரை சரக்கு கிடந்து வாடகை ஏறாமல் இருக்க, பிரிவு 18-ன் கீழ் தற்காலிக மதிப்பீட்டில் பத்திரம் கொடுத்து எடுக்கலாம். பிரிவு 49-ன் கீழ் கிடங்குக்கு மாற்றவும் வழியுண்டு. மேல்முறையீட்டுக்கு 60 நாள், சர்ச்சையிலுள்ள வரியில் 7.5 சதவீதம் முன்வைப்பு.

கட்டாயத்தால் பணம் கொடுக்க நேர்ந்துவிட்டால், 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் கொடுத்தவரும் குற்றவாளி. சுங்கத் துறை மத்திய அரசுத் துறை என்பதால் சி.பி.ஐ., மத்திய கண்காணிப்பு ஆணையம் ஆகியவைதான் நேரடி இடம்.

இன்னொரு எச்சரிக்கை. "உன் ஆதாரையும் பான் கார்டையும் கொடு, மாதாமாதம் பணம் வரும்" என்று வேலை தேடும் பிள்ளைகளிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரில் இறக்குமதியாளர் குறியீட்டை எடுத்து, அதன் மேல் கன்டெய்னர்களை இறக்கிவிட்டு மறைந்துவிடுவார்கள். கோடிக்கணக்கான வரி கேட்டு வரும் நோட்டீஸ் பிள்ளையின் வீட்டு முகவரிக்குத்தான் வரும். 2017-ல் சட்டத்தில் உண்மையான பயன்பெறுபவர் என்ற வரையறையைச் சேர்த்தது அந்த மறைந்த ஆளைப் பிடிக்கத்தான். ஆனால் பிடிபடும்வரை அலைவது பெயர் கொடுத்தவர். கையெழுத்துப் போட வேண்டாம்.

வெளியிலிருந்து ஒரு விவசாயக் கூட்டமைப்பால் என்ன பார்க்க முடியும்? நிறையவே. வணிக அமைச்சகத்தின் தளத்தில் மாதாந்திர இறக்குமதி, எட்டு இலக்கக் குறியீட்டுவாரியாக, நாடுவாரியாகக் கிடைக்கும். உளுந்தும் பச்சைப் பயறும் 0713 31-க்குள், உலர்தேங்காய்த் துருவல் 0801 11-ல். மதிப்பை அளவால் வகுத்தால் கிலோவின் சராசரி விலை வரும். அனுப்பும் நாடு ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத்தளமான காம்டிரேடில் பதிந்த கணக்கோடு அதை ஒப்பிட வேண்டும். நம் கணக்கில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும், அவர்கள் கணக்கில் இருக்காது. அதனால் நம் மதிப்பு சற்றுக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். நம் மதிப்பு குறைவாக இருந்தால் கேள்வி. டிசம்பரில் புறப்பட்டது ஜனவரியில் இறங்கும் என்பதால் மாதக் கணக்கை நம்பாமல் ஆண்டுக் கணக்கை எடுங்கள். சிங்கப்பூர், துபாய் வழி வருவதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மதிப்பைவிட எடையை ஒப்பிடுவது நம்பகமானது. ஒரு நாடு விளைவிப்பதைவிட அதிகம் நமக்கு அனுப்பியதாகத் தெரிந்தால், அந்த நாடு வெறும் பைமாற்றும் இடம்.

2022-ல் சேர்த்த 135ஏஏ பிரிவு, தனித்தனி இறக்குமதியாளரின் விலை, அளவு விவரங்களை வெளியிடுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வியாபார இரகசியம் காப்பது சரி. ஆனால் ஏய்ப்பை வெளியிலிருந்து பார்க்க உதவிய ஒரு ஜன்னலும் அதோடு மூடியது. பெயர்களை நீக்கி, துறைமுகவாரியாக, குறியீட்டுவாரியாக, அந்த மாதம் ஏற்கப்பட்ட மிகக் குறைந்த விலை, நடுவிலை, மிக அதிக விலை என மூன்று எண்களை அரசே வெளியிடலாம். பயறு அறுவடைக்கு முன், ஜனவரி மாதக் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் வழியாக மத்திய அரசுக்கு அனுப்பும் மனுவில், வரியை உயர்த்துங்கள் என்ற கோரிக்கைக்குக் கீழே இதையும் சேர்க்கலாம். உளுந்து, பயறு, உலர்தேங்காய், பாமாயில், பாக்கு என்று ஐந்து பொருளோடு தொடங்கினால் போதும்.